நான்கு பதினைந்தாம் தேதிகள்

மே 22, திங்கள்

இந்த டைரி ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் நவமணிக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் கீழே வலி மாத்திரை விளம்பரம். ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. வரி விஷயங்களைத் தேதிவாரியாகக் குறித்துவைக்க உதவுமே என்று இன்று எடுத்தேன்.

நவமணி என் மனைவி. ஈரோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போய் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். எங்கும் சம்பளம் கிடையாது. கேஸுக்கு இவ்வளவு என்று ஃபீஸ். சம்பளக்காரர்களுக்கு வரியை முதலாளியே பிடித்துக் கட்டிவிடுவார். இவள் மாதிரி ஆட்கள், இந்த வருடம் இவ்வளவு சம்பாதிப்பேன் என்று தாங்களே ஒரு மதிப்பீடு போட்டு, வரியை முன்கூட்டியே நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச், ஒவ்வொன்றிலும் பதினைந்தாம் தேதிக்குள். குறைத்துக் கட்டினால் மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி.

ஆஸ்பத்திரிகள் பிடித்தது போக இந்த வருடம் நாங்கள் கட்ட வேண்டிய வரி ஆறு லட்சம் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஜூனில் 90,000. செப்டம்பரில் 1,80,000. டிசம்பரில் 1,80,000. மார்ச்சில் 1,50,000. அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று. ஆடிட்டர் வருடக் கடைசியில் ரிட்டர்ன் போட்டால் போதும். தவணைகள் என் பொறுப்பு. பத்தொன்பது வருடம் ஃபைனான்ஸ் கம்பெனியில் இருந்தவன் நான், கடைசி ஆறு வருடம் கிளை மேலாளர். இரண்டு வருடத்துக்கு முன் நானாக விலகினேன்.

ஒன்றாம் தேதிதோறும் அவள் ஐம்பதாயிரத்தை வரிக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிடுகிறாள். அதன் பாஸ்புக் என்னிடம், குறுஞ்செய்தி வருவதும் என் போனுக்கு. இப்போது ஒரு லட்சம் கிடக்கிறது. தூங்குகிற பணத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும், பழைய தொழில் புத்தி. மஞ்சள் மண்டி பொங்கியண்ணன் என் பழைய வாடிக்கையாளர். இருபது நாளைக்கு ஒரு லட்சம் கேட்டார், திருப்பும்போது இரண்டாயிரம் சேர்த்துத் தருவதாக. கொடுத்தேன். ஜூன் பதினொன்றுக்கு வந்துவிடும். தவணைக்கு நான்கு நாள் மிச்சம்.

இரண்டாயிரம் பெரிய தொகை இல்லைதான். ஆனால் இரண்டு வருடத்தில் நான் சம்பாதிக்கிற முதல் இரண்டாயிரம். நவமணிக்குச் சொல்லவில்லை. வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 10, சனி

பொங்கியண்ணன் போனை எடுக்கவில்லை. குடோனுக்குப் போனேன். அவருக்கு நேற்று பவானியில் குடலிறக்க ஆபரேஷனாம், கணக்குப்பிள்ளை சொன்னார். மனுஷனுக்கு ஆபரேஷன் வைத்துக்கொள்ள வேறு நாளே கிடைக்கவில்லை.

ஜூன் 14, புதன்

பொங்கியண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டில் படுத்திருக்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மேனேஜருங்க, சரக்கு அத்தனையும் விரலி மஞ்சள், முதல் தரம். வெலை எறங்கிப்போச்சு. இப்ப வித்தா எனக்கு மஞ்சத்தண்ணிதான் மிஞ்சும். பதினஞ்சு நாள் பொறுங்க."

"எனக்கு நாளைக்குத் தேதிங்க."

"தேதி என்னங்க தேதி. தையலே இன்னும் பிரிக்கலை."

கணக்கில் இந்த மாத ஐம்பதாயிரம் இருக்கிறது. அதையாவது கட்டலாம். ஆனால் அரைகுறையாகக் கட்டுவது எனக்குப் பிடிக்காது. 90,000-க்கு மூன்று மாத வட்டி 2,700 ரூபாய். நவமணியின் பத்து நாள் பெட்ரோல். அதைக் கடைசியில் நானே கட்டிக்கொள்கிறேன்.

ஜூன் 15, வியாழன்

கிளம்பும்போது கேட்டாள்.

"ஏனுங்க, இன்னிக்குப் பதினஞ்சு. கட்டியாச்சுங்களா?"

"ஆச்சு."

"ரசீது ஆடிட்டருக்கு அனுப்போணுமுங்களா?"

"வருசக் கடைசில மொத்தமாக் குடுத்துக்கலாம்."

தண்ணீர் பாட்டிலின் மூடியை இரண்டு தடவை திருகினாள். "சேரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினைந்து நாளில் கட்டத்தான் போகிறேன். அதைப் பதினைந்து நாள் முன்பே சொன்னேன், அவ்வளவுதான்.

ஜூன் 30, வெள்ளி

பொங்கியண்ணனுக்கு இன்னொரு ஐம்பதாயிரம். குடோன் வாடகை பாக்கி இருந்தால் சரக்கை வெளியே எடுக்க விடமாட்டார்களாம். சரக்கு நகர்ந்தால்தான் என் பணம் நகரும். இதில் உணர்ச்சிக்கு இடமில்லை, சுத்தமான வியாபாரக் கணக்கு.

ஜூலை 20, வியாழன்

நவமணி இரவு எட்டரைக்கு வந்தாள். கோபியில் வியாழக்கிழமைகளில் கேஸ் கூடிவிட்டதாம். சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நான் வைத்த கொத்தவரங்காய்ப் பொரியல் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கார்ச் செலவை வரியில் கழிப்பதற்காக வாரம் ஒருமுறை மீட்டரைக் குறிப்பது வழக்கம். இந்த மாதம் தினமும் குறிக்கிறேன். கோபி போய்வர எழுபத்தைந்து கிலோமீட்டர். நேற்று வியாழன். மீட்டர் நூற்று முப்பத்தெட்டு ஓடியிருக்கிறது.

சந்தேகமெல்லாம் இல்லை. கணக்கு சரியாக இருக்க வேண்டும், அதற்காகத்தான்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

நேற்று நூற்று முப்பத்தாறு.

ஆகஸ்ட் 28, திங்கள்

பொங்கியண்ணன் குடோனில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தும்மல் தும்மலாக வந்தது. சட்டையெல்லாம் மஞ்சள். வடக்கிலிருந்து ஒரு பெரிய வியாபாரி வருகிறாராம். சரக்கை மெருகேற்றித் தரம் பிரித்துக் காட்டினால் மொத்தமாக எடுத்துக்கொள்வாராம். அதற்குக் கூலி, சாக்கு, லாரி என்று ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வேண்டும்.

"இத நீங்க குடுத்தீங்கன்னா பத்தே நாள்ல மொத்தமும் எண்ணி வெச்சுப்போடறேன். குடுக்கலைன்னா எனக்கும் வழியில்லீங்க, உங்களுக்கும் வழியில்லீங்க."

மேலாளராக இருந்தபோது இந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை பேரை வெளியே அனுப்பியிருப்பேன். இன்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுத்தேன். கணக்கில் இருந்த ஒரு லட்சம் இன்று, மீதி நாற்பதாயிரம் ஒன்றாம் தேதிப் பணம் விழுந்ததும். மொத்தம் இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

வீட்டுக்கு வரும் முன் பெட்ரோல் பங்கில் சட்டையை மாற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

வடக்கத்தி வியாபாரி வரவில்லை. இன்றைக்குள் 2,70,000 கட்டியிருக்க வேண்டும். கட்டியது பூஜ்யம். வட்டி 8,100. வருமான வரித் துறையின் இணையதளத்தில் நவமணியின் பெயருக்கு ஒரு பக்கம் உண்டு. கட்டியது, பிடித்தது எல்லாம் அதில் வரும். மே மாதத்துக்குப் பிறகு அதை நான் திறக்கவில்லை. வெறும் கட்டத்தைத் திறந்து பார்த்து என்ன ஆகப்போகிறது.

காலையில் கேட்டாள்.

"கட்டியாச்சுங்களா?"

"ஆச்சு."

இட்லியைப் பிட்டுக்கொண்டே தலைநிமிராமல் கேட்டாள். "எங்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?"

"எதப் பத்தி?"

"சும்மா கேட்டனுங்க."

இளைத்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. வியாழக்கிழமை எங்கே போகிறாய் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் அவளும் ஏதாவது கேட்பாள் என்று பயமாக இருந்தது. எனக்குப் பயம் என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

அக்டோபர் 9, திங்கள்

பல் துலக்கும்போது எண்கள் ஓடுகின்றன. 2,90,000. 8,100. 138. குக்கரில் விசில் எத்தனை என்று எண்ணத் தொடங்கி எங்கோ போய்விடுகிறேன். இன்று பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 3, வெள்ளி

மகள் கோவை விடுதியிலிருந்து போன் செய்தாள். "அப்பா, அம்மா ஏன் எப்பப் பேசினாலும் கொட்டாவி விடறாங்க?" வேலை அதிகம் கண்ணு என்றேன். "நீங்க என்ன பண்றீங்க?" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 24, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். என் பி.எஃப். பணம் அப்படியே இருக்கிறது. வயதான காலத்துக்கு என்று தொடாமல் வைத்திருந்தது. என் பெயரில் இருக்கிற கடைசிப் பணம் அதுதான். எடுத்து, டிசம்பர் பதினைந்துக்கு முன் மொத்தப் பாக்கியையும் கட்டிவிட வேண்டும். விண்ணப்பம் போட்டாயிற்று. பொங்கியண்ணன் எப்போது தருகிறாரோ அப்போது தரட்டும்.

டிசம்பர் 8, வெள்ளி

வரவில்லை. "பரிசீலனையில் உள்ளது" என்கிறது.

டிசம்பர் 12, செவ்வாய்

வரவில்லை. அலுவலகத்துக்கே நேரில் போனேன். கவுன்டரில் இருந்த பெண் என் பெயரை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "வந்துருமுங்க சார், ரெண்டு நாள்" என்றாள். இரண்டு நாள் என்பது பதினான்கு. சர்வர் படுத்தால் பதினைந்து. அதற்கு மேல் போனால் 4,50,000-க்கு வட்டி. நவமணி கேட்டால் மூன்றாம் தடவையாக "ஆச்சு" சொல்ல வேண்டும். வட்டியை எப்படியும் கட்டிவிடலாம். அந்த வார்த்தையை இன்னொரு தடவை என்னால் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

டிசம்பர் 14, வியாழன்

காலை பதினொன்று பத்துக்குப் பி.எஃப். பணம் வந்தது. கணக்கில் கிடந்த 1,60,000 சேர்த்து 4,50,000 ரூபாயைப் பதினொன்று நாற்பதுக்குக் கட்டினேன். கட்டி முடித்ததும் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிவிட்டேன்.

டிசம்பர் 15, வெள்ளி

அவள் கேட்கும் முன்பே சொன்னேன். "தவணை கட்டியாச்சு. முழுசா. ஒரு பைசா பாக்கி இல்ல."

ஏழு மாதத்தில் வரியைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை. அவளோ, மயக்க மருந்துக்கு முன், நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிற நோயாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "சந்தோசமுங்க" என்றாள். கார்க் கதவை வேகமாகச் சாத்தினாள்.

டிசம்பர் 20, புதன்

பயம் போய்விட்டதல்லவா, அதனால் இன்று துறையின் பக்கத்தைத் திறந்தேன். என் 4,50,000 அங்கே நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை.

நின்றது. அதற்கு மேலே மூன்று வரிகள் இருந்தன.

ஜூன் 13: 90,000. செப்டம்பர் 12: 1,80,000. டிசம்பர் 11: 1,80,000.

வேறு யாருடைய கணக்கையோ திறந்துவிட்டேன் என்று நினைத்து பான் எண்ணை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். நவமணியுடையதுதான். வரி கட்டுவதற்கு மட்டும் கடவுச்சொல் வேண்டியதில்லை. பான் எண்ணும் ஒரு போனும் இருந்தால் போதும், யாரும் கட்டலாம். தொகை ஃபிரிட்ஜ் கதவில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. வருமான ஆண்டுக்கு அடுத்ததான மதிப்பீட்டு ஆண்டைக்கூடச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், முதல் தடவை கட்டுகிறவர்கள் பாதிப் பேர் தவறவிடுகிற இடம் அது.

அதே பக்கத்தில் ஃபீஸிலிருந்து வரி பிடித்த ஆஸ்பத்திரிகளின் பட்டியலும் வரும். பன்னிரண்டோடு பதின்மூன்றாவதாக ஒரு பெயர். சேலம். ஜூலையிலிருந்து. சேலம் போய்வர நூற்று முப்பது, ஊருக்குள் ஓட்டுவது சேர்த்து நூற்று முப்பத்தெட்டு.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னை நம்பவில்லை பார், என்று சத்தமாகவே சொன்னேன், காலி வீட்டில். பிறகு எழுந்து போய் முகம் கழுவினேன். வட்டி ஒரு ரூபாய்கூட விழவில்லை. ஒவ்வொரு தவணையும் தேதிக்கு இரண்டு மூன்று நான்கு நாள் முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறது. மொத்தம் ஒன்பது லட்சம். சேலத்து வருமானத்தைச் சேர்த்தாலும் மார்ச்சில் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

ஜூன் பதின்மூன்றில் கட்டியிருக்கிறாள். பதினைந்தாம் தேதி காலையில், கட்டியாச்சுங்களா என்று கேட்டாள். நான் ஆச்சு என்றேன்.

டிசம்பர் 21, வியாழன்

சொல்லவில்லை. அவள் சேலம் போய்விட்டாள்.

டிசம்பர் 31, ஞாயிறு

சொல்லவில்லை. மகள் வந்திருந்தாள்.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கல் முடியட்டும் என்றிருந்தேன். முடிந்தது. சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து "நவமணி" என்றேன். "சொல்லுங்க" என்று கையிலிருந்த துண்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். அவ்வளவு வேகமாகத் திரும்புவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "கார் சர்வீஸுக்கு விடோணும்" என்றேன்.

துண்டை எடுத்து மறுபடி மடித்தாள்.

ஜனவரி 25, வியாழன்

சேலத்துக்குப் பஸ்ஸில் போனேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடம், தகரக் கொட்டகை. மணி பிற்பகல் இரண்டு. எங்கள் கார் கடைசியில் நின்றது. உள்ளே சீட்டைச் சாய்த்துப் போட்டு, பச்சை ஆபரேஷன் தியேட்டர் உடுப்போடு வாயைத் திறந்தபடி நவமணி தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் டிபன் பாக்ஸ். காலையில் நான் கட்டிக்கொடுத்த தக்காளிச் சோறு, பாதி அப்படியே இருந்தது. நாற்பத்தைந்து வயதில் பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் ஓடிவிட்டுப் பதின்மூன்றாவதாக இங்கேயும் வந்துகொண்டிருக்கிறாள், "இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் "ஆச்சு" என்று சொன்னதற்காக.

கண்ணாடியைத் தட்ட வேண்டும் என்று கை போனது. தட்டவில்லை. அடுத்த கேஸ் வரை அவளுக்கு இருபது நிமிடம் இருந்திருக்கும். திரும்பி வரும் பஸ்ஸில் சன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

பிப்ரவரி 19, திங்கள்

பொங்கியண்ணன் வீட்டுக்கே வந்தார். மஞ்சள் விலை ஏறிவிட்டது, சரக்கு போய்விட்டது. மூன்று லட்சத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"மேனேஜருங்க, பத்தாயிரம் சேர்த்து வெச்சிருக்கறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. அம்மிணிக்கு என்ற வணக்கத்தச் சொல்லுங்க."

அம்மிணியை இவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி ஒன்றும் சொல்லாமலே இருந்துவிடலாம். பணம் பீரோவில். மிகையாகக் கட்டிய மூன்று லட்சமும், சேலத்து வரி போக, ரிட்டர்ன் போட்ட பிறகு அவள் கணக்குக்கே திரும்பும். எல்லாம் நேராகிவிட்டது. அவளும் ஏதும் கேட்கப்போவதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. மார்ச் பதினைந்தில் ஒன்று ஐம்பது கட்டியாச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த வருடம் முடிந்தது.

மார்ச் 1, வெள்ளி

அவள் வழக்கம்போல ஐம்பதாயிரம் போட்டுவிட்டாள். நான் கட்டமாட்டேன் என்று தெரிந்தும் மாதாமாதம் போட்டுக்கொண்டிருக்கிறாள். போனில் வந்த அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மார்ச் 14, வியாழன்

நாளை.

மார்ச் 15, வெள்ளி

காலை ஆறேகால். பெருந்துறையில் ஏழரைக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஒன்று. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டும் முன் கேட்டாள்.

"ஏனுங்க, இன்னிக்குக் கடைசித் தவணை. எவ்வளவு கட்டோணுமுங்க?"

தொகை ஃபிரிட்ஜில் இருக்கிறது. அவளுக்கு மனப்பாடம். ஜூனிலும் செப்டம்பரிலும் கட்டியாச்சா என்றுதான் கேட்டாள். இன்று எவ்வளவு என்கிறாள். ஒன்று ஐம்பது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் கட்ட வேண்டாம்" என்றேன்.

செருப்பில் பாதி நுழைந்த கால் அப்படியே நின்றது. "ஏனுங்க?"

"நீ மூணு தவணையும் கட்டிட்டே. நான் டிசம்பர்ல அதையே திரும்பக் கட்டிப்போட்டேன். வருசத்துக்கும் ஆகி மூணு லட்சத்துக்குப் பக்கம் மிச்சம்."

"டிசம்பர்ல நெசமாவே கட்டுனீங்களா?"

"கட்டுனேன்."

"ஏது பணம்?"

"என்ற பி.எஃப்."

செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜூன் மாதம் பவானியில் பொங்கியண்ணனுக்கு மயக்கம் கொடுத்ததே இவள்தானாம். மேசையில் படுத்துக்கொண்டு அந்த ஆள், "அம்மிணி, நான் எந்திரிக்கலைன்னா உங்க வீட்டுக்காரருக்கு ஒரு லட்சம் தரோணும்னு என்ற பொண்டாட்டிகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றிருக்கிறார். மயக்கத்துக்கு முன்னால் எல்லோரும் ஏதாவது ஒரு உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவார்களாம், சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை.

"அந்த ஒரு லட்சம் வரிப் பணந்தான்னு அப்பவே புரிஞ்சுதுங்க. முதல் தவணைக்கு என்ற கைல இருந்துச்சு. அடுத்ததுக்கு இல்லீங்க. அதுதான் சேலம்" என்றாள். பிறகு, "நான் கட்டுனது உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"டிசம்பர் இருபது."

விரலை மடித்து எண்ணினாள். மூன்றாவது விரலில் நின்றுவிட்டது. அதுவரை சாதாரணமாக இருந்த முகம் அப்போதுதான் மாறியது.

"பணத்தக் குடுத்துப்போட்டு முழிச்சீங்க, அது எனக்குப் புரிஞ்சுது. இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு இருந்தேன். வேலையும் போயி, இதையும் இழந்துட்டு, மனசு எப்படி இருக்குமோன்னு நானே கேக்கலை. ஆனா தெரிஞ்சும் மூணு மாசம், என்ற மூஞ்சியப் பாத்துட்டுச் சோறு தின்னிருக்கறீங்க. வியாழக்கெழமையானா டிபன் கட்டிக் குடுத்து சேலத்துக்கு அனுப்பியிருக்கறீங்க. அதுதானுங்க எனக்குத் தாங்கலை."

நீயும்தான் ஒன்பது மாதம் சொல்லவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அது உண்மைதான். ஆனால் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் கேட்கக்கூட இல்லை.

போனை எடுத்தாள். "சார், நவமணி பேசறேன். பேஷண்ட்ட ஒரு மணி நேரம் தள்ளி எடுத்துக்கலாமுங்களா? வீட்டுல ஒரு விசயம்." பதினேழு வருடத்தில் அவளுக்காக ஒரு தியேட்டர்கூடக் காத்திருந்ததில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்லுங்க. முதல்ல இருந்து."

மே மாதத்திலிருந்து சொன்னேன். பிறகு அது முதல் இல்லை என்று தோன்றியது. வேலையை விட்ட கதையையும் சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவள் போனது ஏழு ஐம்பதுக்கு.

மார்ச் 18, திங்கள்

பேசவில்லை. தேவையானது மட்டும். "உப்பு", "சாவி", "மேல் மாடி ஃபேன்".

மார்ச் 21, வியாழன்

நவமணி வீட்டில் இருந்தாள். சேலத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். என்னிடம் சொல்லவில்லை, மகளிடம் போனில் சொன்னது காதில் விழுந்தது. பகலெல்லாம் தூங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர் டிரில்லிங் போட்டார். போய் நிறுத்தச் சொன்னேன். சண்டை வந்தது. நிறுத்தினார்.

மார்ச் 26, செவ்வாய்

பொங்கியண்ணன் கொடுத்த மூன்று லட்சத்தையும் அவள் முன்னால் வைத்தேன். இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். மறுபடி யோசித்து, "இது உங்க பி.எஃப். பணமுங்க" என்று அதையும் என் பக்கமே தள்ளினாள். பத்தாயிரத்தை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

புது நிதியாண்டு. ஃபிரிட்ஜிலிருந்த பழைய அட்டவணையைக் காலையிலேயே கிழித்துப் போட்டிருந்தாள்.

சாயங்காலம் ஒரு நீளக் கணக்கு நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். வரிக் கணக்குக்கு இனி அவள் போன், அவள் கடவுச்சொல். பாஸ்புக்கைக் கேட்டாள், கொடுத்தேன்.

"கட்டறத நான் கட்டிக்கறனுங்க. எவ்வளவு கட்டோணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க. அது உங்களுக்கு வரும்."

ஆஸ்பத்திரிவாரியாகச் சொன்னேன். பன்னிரண்டுதான். போன வருடத்தைவிடக் குறைகிறது என்றேன். குறையட்டும் என்றாள். ஃபீஸ், செலவு, பிடித்தம், வரி, நான்கு தவணை. ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுக் கேட்டு எழுதினாள். தப்பில்லை. முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பி, மேலே என் பெயரை முழுதாக எழுதினாள். இனிஷியலோடு.

"இந்த வருசம் உங்க வருமானம் எவ்வளவுன்னு போடறதுங்க?"

"பூஜ்யம்னு போடு."

"பூஜ்யம் போடறதுக்கு எதுக்குங்க ஒரு பக்கம்? மதிப்பீடுதானுங்களே. யாரும் வந்து இன்னிக்கே கேக்கப்போறதில்ல. பெருந்துறை டாக்டருக்கும் பவானி டாக்டருக்கும் தவணைத் தேதியே ஞாபகம் இருக்கறதில்லீங்க. எங்கிட்டக் கேட்டாங்க, உங்க வீட்டுல யாரு பாக்கறாங்கன்னு."

"நீ என்ன சொன்னே?"

பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தாள். "ஒரு நம்பர் சொல்லுங்க" என்றாள். "சொல்லுற நம்பர நெசமாச் சொல்லுங்க."

மனதுக்குள் கூட்டினேன், கழித்தேன். சின்னத் தொகைதான். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டாள்.